நாற்றுத் தட்டைத் திருப்பும் கை

ஜன்னலோரத்தில் வளரும் நாற்று வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். இதை எல்லோரும் கவனித்திருப்பார்கள். எப்படிச் சாய்கிறது என்று கேட்டால்தான் பலருக்குச் சொல்லத் தெரியாது. வெளிச்சம் செடியைப் பிடித்து இழுப்பதில்லை. தண்டில் நிழல் விழும் பக்கம் வேகமாக நீள்கிறது, வெளிச்சம் படும் பக்கம் மெதுவாக நீள்கிறது. ஒரு பக்கம் மட்டும் நீண்டால் தண்டு வளையத்தானே வேண்டும்? அதனால் நாற்றுத் தட்டைத் தினமும் ஒரு தடவை பாதி வட்டம் திருப்பி வைக்க வேண்டும். நேற்று நிழலில் இருந்த பக்கம் இன்று வெளிச்சத்துக்கு வரும், இரண்டும் சமமாக நீளும், தண்டு நேராக நிற்கும்.

நான் கடைகளுக்குத் தராசு பழுதுபார்ப்பவன். சமமாக நிற்கும் எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம். குளிர் விடுவதற்கு முன்பே விதைகளை வீட்டுக்குள் முளைக்கவைத்து, வெயில் வந்ததும் தோட்டத்தில் நடலாம் என்று என் மனைவி சொன்னபோது உடனே சரி என்றேன். பின்னறை ஜன்னல் திண்டு அகலமானது. காலையிலிருந்து மாலைவரை வெளிச்சம் வரும். அத்தை, அதாவது என் மனைவியின் அம்மா, கடைசிக் காலத்தில் இருந்த அறை அது. அவர் போன பிறகு கட்டிலை எடுத்துவிட்டோம். அவர் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் இருந்தது. ஒரே நீளத் தட்டில் தக்காளி, மிளகாய், கத்தரி, ஓர் ஓரத்தில் செண்டுப்பூ என்று விதைத்தோம்.

முளைத்த கொஞ்ச நாளிலேயே எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு, எதிர்வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பது போல நின்றன.

"தட்டைத் திருப்பணும்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தினமும் காலையில திருப்பிட்டுத்தானே வேலைக்குப் போறேன்."

"நீ திருப்புறியா? நானும்தான் தினமும் திருப்புறேன். நீ கிளம்பினப்புறம்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நல்லா இருக்குங்க. ரெண்டு பேரும் கஷ்டப்பட்டு, சேர்ந்து ஒண்ணுமே செய்யலை."

அது உண்மைதான். பாதி வட்டத்தை இரண்டு தடவை திருப்பினால் தட்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். திருப்பாததற்கும் இரண்டு தடவை திருப்பியதற்கும் வித்தியாசமே கிடையாது. அன்றைக்கே தட்டின் ஒரு விளிம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். ஒற்றைப்படைத் தேதியில் சிவப்பு ஜன்னல் பக்கம், இரட்டைப்படையில் அறைப் பக்கம். திருப்புவது அவள் வேலை, நான் தொடக்கூடாது. இனி யாரும் குழம்ப வழியில்லை என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஒருநாள் மாலை சிவப்பு தப்பான பக்கம் இருந்தது.

நான் தொடவில்லை என்று சொன்னேன். அவள் திருப்பி வைத்தாள். மறுநாள் மாலையும் அப்படியே. அதற்கடுத்த நாள், காலையில் திருப்பிவிட்டு, "இதோ பாருங்க, திருப்பிட்டேன், நீங்க சாட்சி" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மதியம் சாப்பிட வந்தவள் நான் வருவதற்குள் திரும்பவும் வேலைக்குப் போய்விட்டாள். மாலையில் பார்த்தால் தப்பான பக்கம்.

"மத்தியானம் வந்தப்போ நான்தான் மறுபடி திருப்பியிருப்பேன்," என்றாள். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. அப்படிச் சாதாரணமாக அவள் பேசினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

அத்தைக்கு வந்தது மறதி. ஆனால் எல்லோரும் நினைப்பது போல அவர் எதையும் செய்ய மறக்கவில்லை. செய்ததைத்தான் மறந்தார். குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டு மறுபடி போடுவார். துவைத்துக் காயப்போட்ட துணியை எடுத்து மறுபடி நனைப்பார். எல்லாமே இரண்டு தடவை. முதலில் நாங்கள் கேலி செய்தோம். பின்னால் மகளைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். பதில் சொன்னதும் மறுபடி அதையே கேட்டார்.

என் மனைவி மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக்கொடுப்பவள். அங்கே எதையும் இரண்டு தடவை செய்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்க முடியாது. அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பொட்டலத்தையும் பக்கத்தில் நிற்பவளிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். கவுன்டரில் கூட்டம் சேர்ந்தது. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். அவள் நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கினாள். எனக்குச் சொன்னது அதன் பிறகுதான்.

"அதுன்னு சொல்லிட்டா வேலைய விட்டுடுவேன்," என்றாள். "அப்புறம் ஒண்ணு. என்னை அந்த நாற்காலில மட்டும் உட்கார வைக்காதீங்க."

எனக்குத் தாங்கவில்லை. ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் கழற்றிப் போடுவது என் வழக்கமில்லை. முதலில் அவள்தானா என்று தெரிய வேண்டும். அவள் கை எட்டாத இடத்தில் இருக்கும்போது தட்டு திரும்புகிறதா என்று பார்த்தால் போதும்.

விடுமுறை நாள் காலையில் அவள் தட்டைத் திருப்பினாள், நான் பார்த்தேன். ஜன்னலை உட்பக்கம் தாழிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணன் பஸ் ஓட்டுபவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் தெரு முனைக்குக் கேட்கும்படி பேசுவதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். மாலை வரை அவள் எங்கள் கண்ணை விட்டு மறையவில்லை. திரும்பும்போது அவரும் கூடவே வந்தார்.

"மாப்ள, செடி சாயுதுன்னு எனக்கு ஒருநாள் லீவு போச்சு. செடி சாஞ்சா முட்டுக் கொடு. ஆள் சாஞ்சாதான் டாக்டர்," என்று வழியெல்லாம் சத்தம் போட்டார்.

பூட்டைத் திறந்து நேராகப் பின்னறைக்குப் போனோம். சிவப்பு விளிம்பு தப்பான பக்கம் இருந்தது. ஜன்னல் தாழ் போட்டபடியே இருந்தது.

என் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமோ என்று குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நான் இல்லங்க. அண்ணா, நான் இல்ல!"

"நீ இல்லன்னா வேற யாரு?" என்றார் ஹாரன்.

"யாரா இருந்தா என்ன? பேயா இருக்கட்டும், பிசாசா இருக்கட்டும். நான் இல்ல."

வீட்டில் பேய் இருப்பதற்காக ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது. ஹாரன் மட்டும், "காத்தா இருக்கும், எலியா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தார். ஈரமண் நிறைந்த தட்டை அவரே தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாச் சாப்பிட்ட எலி" என்று முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அன்றிரவு நாங்கள் நன்றாகத் தூங்கினோம். காலையில்தான் அந்த அறைக்குள் போகக் கால் தயங்கியது.

என்னிடம் இருந்த கருவி தராசு ஒன்றுதான். பட்டறையிலிருந்து பழைய மேடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து திண்டில் வைத்து, அதன்மேல் தட்டை வைத்தேன். இந்த வகைத் தராசில் இரண்டு முள் உண்டு. கறுப்பு முள் எடையைக் காட்டும். அதற்கு முன்னால் மெல்லிய வெள்ளை முள் ஒன்று இருக்கும். கறுப்பு முள் ஏறும்போது வெள்ளையைத் தள்ளிக்கொண்டே போகும், இறங்கும்போது அதை அங்கேயே விட்டுவிடும். நாம் இல்லாத நேரத்தில் எடை எதுவரை ஏறியது என்பதை வெள்ளை முள் காட்டிக்கொடுக்கும். யாராவது தட்டைத் தூக்கித் திருப்பி, பிறகு பொத்தென்று வைத்தால் வெள்ளை எங்கேயோ போய் நிற்கும். மெதுவாக வைத்தால் அசையவே அசையாது.

மாலையில் தட்டு திரும்பியிருந்தது. மண் காய்ந்ததால் கறுப்பு முள் சற்று இறங்கியிருந்தது. வெள்ளை முள் காலையில் நான் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மேலே ஏறி நின்றது. மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றிப் பழைய எடைக்குக் கொண்டுவந்து, வெள்ளை முள்ளை இறக்கி வைத்தேன்; மாலையில் அதே இடம். அதற்கடுத்த நாளும் அதே இடம்.

பொத்தென்று விழுந்த எடை தினமும் ஒரே இடத்தில் நிற்காது. இது விழுந்ததல்ல, வைத்தது. நான் என் விரலால் அழுத்திப் பார்த்தேன், முள் போதுமான அளவு ஏறவில்லை. கையை ஊன்றினேன், தாண்டிப்போய்விட்டது. "இங்க வா, உள்ளங்கையை நாற்று மேல சும்மா வை, அழுத்தாம," என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வைத்தாள். வெள்ளை முள் சரியாக அந்த இடத்தில் போய் நின்றது.

அப்போதுதான் இன்னொன்றும் எனக்குப் பிடிபட்டது. எங்கள் நாற்றுகள் சாய்ந்திருந்தாலும் மெலிந்து நீளவில்லை. குட்டையாக, கால் ஊன்றி, தடித்த தண்டோடு நின்றன. வீட்டுக்குள் வளரும் நாற்று அப்படி இருக்காது. வெளியே காற்று அசைத்து அசைத்துத்தான் தண்டு தடிக்கும். காற்று இல்லாத இடத்தில் அது தெரிந்தவர்கள் தினமும் நாற்றுகளின் தலையைக் கையால் தடவிவிடுவார்கள். தடவப்பட்ட செடி உயரத்தைக் குறைத்துக்கொண்டு உறுதியாக வளரும். உற்சாகத்தில் நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டே போனேன்.

"யாரோ தினமும் இதுங்க தலைய தடவிக் கொடுத்திருக்காங்க! அதான் இவ்வளவு..."

அவள் நாற்று மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"அம்மா," என்றாள்.

யாரையும் கூப்பிடவில்லை, எதையும் கேட்கவில்லை. கண்டுபிடித்ததைச் சொன்னாள். அத்தைக்கு ஒரு பழக்கம் இருந்தது. உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், கடந்து போகும்போது உச்சந்தலையில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்துவிட்டுப் போவார். பெயரெல்லாம் மறந்துபோன பிறகும் அது மறக்கவில்லை. எரிவாயு சிலிண்டர் போட வந்தவர் குனிந்திருந்தபோது அவர் தலையிலும் வைத்தார்.

"நான் திருப்பினதைப் பார்க்கிறாங்க. நாமளும் திருப்பணும்னு நினைக்கிறாங்க. திருப்பியாச்சுங்கிறது அவங்களுக்கு ஞாபகத்துல நிக்கலை," என்றாள். நாற்காலியைப் பார்த்தாள், பிறகு என்னை. "செத்த அப்புறமும் சரியாகலையாங்க? அதோட முடிஞ்சிடும்னு நினைச்சேனே."

அவளை நாற்காலி இல்லாத அறைக்குக் கூட்டிப்போனேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் போகத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். தட்டைத் திருப்புவது வேறு யாரோ என்பதால் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. அவளும் மறுக்கவில்லை. டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கீங்க. அம்மாவுக்கு இருந்ததால வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க."

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் வரும்போது மெதுவாக, "இப்போதைக்கு" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி, "இப்போதைக்கு" என்றாள். இரண்டாவது முறை சொன்னதும் என் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துதான் சொன்னேன் என்று அந்தப் பார்வை சொன்னது.

மறுநாளிலிருந்து அவள் தட்டைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதான். மாலையில் சிவப்பு இடம் மாறியிருக்கும். ஒரே ஒரு தடவை. இப்போது கணக்கு சரியாக இருந்தது, நாற்றுகள் மெல்ல நிமிர்ந்தன. அவ்வளவு நேரான நாற்றுகளை நான் பார்த்ததில்லை. ஹாரன் வந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். தட்டின் முன்னால் போய், அந்தப் பெரிய உடம்பை மடக்கித் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது தலையில் பட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகும்போது, "செடிய வெளியே நட்டுட்டா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். வெயில் வந்தது. நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்துப் பழக்கி, பிறகு தோட்டத்தில் நட்டோம். நேரான தண்டு, தடித்த அடி, ஒன்றுகூட வாடவில்லை. தட்டைக் கழுவிக் கொட்டகையில் கவிழ்த்தோம். ஜன்னல் திண்டு காலியானது.

முதலில், அணைத்துவிட்டுப் போன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு, மூடிய குழாயில் தண்ணீர் ஓடியது. தாழிட்ட பின்கதவு தாழ் நீங்கி இருந்தது. திருப்பத் தட்டு இல்லாததால் அத்தை வேறு வேலைகளுக்கு வந்துவிட்டார் என்பது எனக்குப் புரிய நேரம் எடுத்தது. இரண்டு தடவை செய்யும் காரியங்களில் இரண்டு வகை உண்டு. உப்பு போன்றவை சேர்ந்துகொண்டே போகும், இரண்டு தடவை போட்டால் இரட்டிப்பாகும். தட்டு போன்றவை வேறு வகை. சுவிட்ச், தாழ், திருகு எல்லாம் அதில் சேர்த்தி. இவற்றை இரண்டு தடவை செய்தால், செய்ததே அழிந்துபோகும். இதை அவளுக்கு விளக்கிக்கொண்டே தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கயிற்றை அப்படியே விட்டாள்.

"கேஸ்," என்றாள்.

எனக்கும் அப்போதுதான் வாடை அடித்தது. சமையலறை ஜன்னலிலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் முன்பு அவள் அடுப்பை அணைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓடினோம். தீ இல்லாமல், திருகு முழுக்கத் திறந்திருந்தது. சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வாசலில் வந்து நின்றோம்.

"கொல்லணும்னு இல்லங்க," என்றாள். "அணைச்சாச்சான்னு பார்த்திருக்காங்க. நமக்காகத்தான்."

"தெரியுது. ஆனா அடுத்த தடவை நாம உள்ள தூங்கிட்டு இருந்தா?"

வாடை போனதும் அவள் கொட்டகைக்குப் போய்த் தட்டை எடுத்துவந்தாள். மண் நிரப்பினாள். நாற்று விடும் காலம் முடிந்துவிட்டது. எஞ்சியிருந்த செண்டுப்பூ விதையைத் தூவினாள். முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் அவளுக்குக் கவலையில்லை. திண்டில் வைத்து, நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். குழந்தைக்குச் சொல்வது போல அல்ல, வீட்டுப் பெரியவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுப்பது போல.

"அம்மா, இது உன் வேலை. தினமும் ஒரு தடவை திருப்பணும். அடுப்பை நான் பார்த்துக்கறேன். நீ இதைப் பாரு."

வேலைக்குப் போகாமல் இருவரும் வீட்டிலேயே இருந்தோம். மாலையில் சிவப்பு விளிம்பு இடம் மாறியிருந்தது. அடுப்புத் திருகு அணைத்தபடியே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த வாரக் கடைசியில் அவள் மருந்துக் கடைக்குத் திரும்பினாள். இப்போது பொட்டலத்தை யாரிடமும் காட்டுவதில்லை.

அதன் பிறகு அந்தத் திண்டு காலியாக இருந்ததில்லை. ஒரு தட்டு பூத்து முடிவதற்குள் இன்னொன்றை விதைத்துவிடுவோம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் எங்கள் வீட்டு நாற்று என்றால் உயிர். "எப்படித்தான் இவ்வளவு நேரா வளர்க்கிறீங்களோ" என்று கேட்பார்கள். நான் வெளிச்சத்தையும் நிழலையும் பற்றி விளக்குவேன். யார் திருப்புகிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

டாக்டரிடம் அடுத்த வருடம் காட்டிவிட்டு வந்த அன்று, அதே "இப்போதைக்கு" வாங்கிக்கொண்டு வந்து, அவள் பின்னறையில் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்றேன்.

"எனக்கும் வந்துட்டா," என்றாள், திரும்பாமலே. "நானும் போனப்புறம்... சும்மா விட்டுடாதீங்க. அடுப்புப் பக்கம் வந்துடுவேன். எனக்கும் ஒரு தட்டு வைக்கணும்."

"பேசாம இரு."

"சொல்லுங்க. வைப்பீங்களா?"

"வைக்கிறேன்."

"தனித் தட்டா வைக்கணும். ஒரே தட்டை நானும் அம்மாவும் திருப்பினா, மறுபடி சாஞ்சிடும்."

அவள் சிரிக்கிறாளா என்று பார்க்க அருகில் போனேன். சிரிக்கவில்லை. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, அளவெடுப்பது போலத் திண்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கையைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் போதவில்லை. நாற்காலியை எடுத்துவிட்டால் ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை அடிக்கலாம் என்றேன். நாற்காலி இருக்கட்டும் என்றாள். நான் பட்டறைக்குப் போய் டேப்பை எடுத்துவந்தேன்.